படம் வராத கம்ப்யூட்டர்

செல்வராணியின் மகள் கவினா காலேஜில் வீடியோ எடிட்டிங் படிக்கிறாள். முழுக் கம்ப்யூட்டராக வாங்கக் கட்டுப்படியாகாது என்று பாகங்களைத் தனித்தனியே வாங்கி, பொந்தியான் ஊரில் உள்ள தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் ஞாயிறு முழுக்கப் பொருத்தினார்கள். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் படமே வரவில்லை.

"கரண்டுதான் இருக்கே. இன்னும் என்ன வேணுமாம் இதுக்கு?" என்றாள் செல்வராணி.

"அலமாக், தெரியலம்மா!" கவினா மெமரியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். கடைசியில் அழுகையே வந்துவிட்டது.

செல்வராணிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சும்மா நிற்க முடியாமல் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, திரை வயரு மாட்டுற ஓட்டை மேல ஒன்னு, கீழ ஒன்னு இருக்கே?"

கவினா சட்டென்று வயரைப் பிடுங்கிக் கீழே மாட்டினாள். படம் வந்துவிட்டது!

"கீழ இருக்கறதுதான் படம் அனுப்புற கிராபிக்ஸ் கார்டோட ஓட்டைம்மா. நாம வாங்குன மலிவு சிப்புல படம் காட்டுற வசதி இல்ல, அதனால மேல் ஓட்டை வேலை செய்யாது."

"வேலை செய்யாத ஓட்டையை எதுக்கு வெச்சான்?"

 

செல்வராணி குழப்பத்தோடே போய் டேப்பை எடுத்து வந்து, மேல் ஓட்டையை நன்றாக ஒட்டி மூடினாள்.