ரசீது வாங்கிய நாய்

நகர நூலகத்தில் பார்வை நூல் பிரிவைக் கவனித்துவந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "யார் சொன்னது?" என்று கேட்பார், கேட்டதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். சீட்டின் தலையில் செய்தி, அதன் கீழே சொன்னவர், அவருக்கும் கீழே அவருக்குச் சொன்னவர். இப்படியே படிப்படியாக இறங்கிப்போய், கண்ணால் கண்டவர் ஒருவர் அகப்படும்வரை விடமாட்டார். முப்பது ஆண்டுச் சீட்டுகள் பதினேழு இழுப்பறைகளை நிரப்பியிருந்தன. ஊரார் அவருக்கு 'வேர்பிடுங்கி' என்று பெயர் வைத்தனர். அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரை முதலில் சொன்னவர் யார் என்று மட்டும் விசாரித்தார். மூன்றாவது சீட்டிலேயே அவர் மனைவி அகப்பட்டாள்.

"மழை பெய்யுது, குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் அந்த அம்மாள், ஒரு புதன்கிழமைக் காலையில்.

"யார் சொன்னது?"

"மாடியில காயுற உங்க சட்டை சொன்னது. வேணும்னா போய்க் கேளுங்க. நனைஞ்சுக்கிட்டே பதில் சொல்லும்."

அவர் சிரித்துக்கொண்டே குடையை விரித்தார். வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை, நூலகத்தில் படிக்க வேண்டியதற்குக் குறைவில்லை. வேறொன்றும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்று நூலகத்தின் வாசலில் இரும்புக்கடைக்காரர் காத்திருந்தார். கையில் நகர மன்றத்தின் கடிதம். கக்கத்தில் ஒன்பது புத்தகங்கள். ஊரில் புதையல் தேடும் சங்கம் ஒன்றை நிறுவி, அதற்குத் தாமே தலைவராகவும் தாமே பொருளாளராகவும் இருந்தவர் அவர்.

புதையல் கதை ஊருக்கே மனப்பாடம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருவணிகர் ஊரைவிட்டுக் கிளம்பினார். ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பன்னிரண்டு பெட்டிகளைப் படகுக்காரன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் பெட்டிகளோடு மறைந்தான். தன் படகுக் கொட்டகையின் கீழே அவற்றைப் புதைத்தான். அவனுடைய கொள்ளுப்பேத்தி இன்றும் அதே கொட்டகையிலிருந்துதான் அக்கரைக்குப் படகு விட்டுப் பிழைக்கிறாள். ஊர் அவளைப் 'பெட்டிக்காரி' என்று அழைக்கும். அவளுடைய கொல்லையில் குழி விழாத இடம் குறைவு. ஆசை பிடித்தவர் எவரும் கடப்பாரையோடு வந்து ஒரு குழி போட்டுவிட்டுப் போவர்.

"இந்தத் தடவை முறைப்படி அனுமதி கேட்டிருக்கோம் சார். கொட்டகையைப் பிரிச்சுட்டுத் தோண்டப் போறோம்" என்றார் இரும்புக்கடைக்காரர். "ஆதாரம் நம்பத் தகுந்ததுன்னு நூலகம் எழுதிக் கொடுத்தா மன்றம் அனுமதி தந்துரும். திங்கட்கிழமைக்குள்ள வேணும்."

"கொட்டகையைப் பிரிச்சா அந்த அம்மா படகை எங்க வைப்பாங்க?"

"புதையல் கிடைச்சா அவங்களுக்கும் ஒரு பங்கு தரமாட்டோமா?"

"கிடைக்கலேன்னா?"

"ஒன்பது புத்தகம் சார். ஒன்பதும் ஒரே பேச்சு. நீங்களே ஒண்ணு எழுதியிருக்கீங்க. அதோட பத்து."

அது உண்மை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நூலக விழாவுக்காக அவர் இருபத்துநான்கு பக்கச் சிறுநூல் ஒன்றை எழுதியிருந்தார். தமக்குத் தாமே சாட்சி சொல்வது முறையன்று என்று அதை ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற ஒன்பதையும் விசாரணைக்கு அழைத்தார். சீட்டுகள் மேசையில் வரிசையாக நின்றன. ஒன்பதாவது நூல் ஐந்தாவதைப் பார்த்து எழுதியது. ஐந்தாவது இரண்டாவதை நம்பியது. எட்டாவதும் ஆறாவதும் ஒன்றையொன்று கைகாட்டின. வெள்ளிக்கிழமை மாலை கடைசிச் சீட்டின் அடியில் எழுத வேண்டியதை எழுத அவருடைய பேனா சற்றுத் தயங்கியது. ஒன்பது நூல்களின் வேரும் அவருடைய சிறுநூலில்தான் போய் முடிந்தது.

முயலைத் திருடன் என்று ஒன்பது கிளிகள் சாட்சி சொன்னதைக் கேட்டு ஒரு சிங்கம் தண்டனை எழுதியதாம். பிறகுதான் தெரிந்தது, ஒன்பதும் ஒரே கூண்டில் வளர்ந்தவை. பேசக் கற்றுக்கொடுத்தவன் ஒருவன். சிங்கத்தின் நிலையாவது தேவலை. அந்தக் கிளிகளை வளர்த்தது அது அன்று.

ஆயினும் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அவருடைய நூல் காற்றில் முளைத்ததன்று. படகுத்துறை அதிகாரி அக்காலத்தில் எழுதிய நாட்குறிப்பேட்டைக் கண்ணால் பார்த்தே எழுதினார். அந்த ஏடு நூலகத்தின் பின்னறையில் இருந்தது. தையல் தளர்ந்துபோயிருந்ததால் புத்தகம் தைக்கும் அம்மாளை உடன் வைத்துக்கொண்டுதான் அதைத் திறக்க வேண்டும். சனிக்கிழமை காலை அந்த அம்மாள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கங்களை மெல்லப் புரட்டினாள். அவர் தமக்கு வேண்டிய இடத்தை உரக்கப் படித்தார்.

"'மாலையில் வணிகரின் பன்னிரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்ட படகுக்காரன்...' பக்கத்தைத் திருப்புங்கம்மா. '...திரும்பவில்லை. மறுநாள் காலை, படகுக் கொட்டகையின் பின்புறம் மண் தோண்டப்பட்டிருக்கக் கண்டோம்.' பாத்தீங்களா, அப்படியே இருக்கு."

"எங்க சார் அப்படியே இருக்கு? அடியும் தலையும் ஒட்டலையே" என்றாள் அவள்.

"என்ன அடி, என்ன தலை?"

"நான் புத்தகத்தைப் படிக்கிறவ இல்ல சார், தைக்கிறவ. பழைய ஏட்டுல அடுத்த பக்கம் எந்தச் சொல்லுல ஆரம்பிக்குதோ, அதை இந்தப் பக்கத்து அடியில சின்னதா எழுதியிருப்பாங்க, தைக்கிறவங்க மாத்தித் தைக்காம இருக்க. இங்க அடியில 'கப்பலுக்கு'ன்னு இருக்கு. அந்தப் பக்கம் 'திரும்பவில்லை'ன்னு ஆரம்பிக்குது. எங்க தொழில்ல எவனோ தூங்கிட்டே தைச்சிருக்கான்."

அவள் தாள்களைப் புரட்டிக்கொண்டே போனாள். சொற்களின் பொருளைப் பாராமல் அடியையும் தலையையும் மட்டும் பார்த்தாள். அங்கிருந்து முப்பதாவது தாளில் அவள் விரல் நின்றது.

"இங்கயும் ஒட்டல. படிங்க சார்."

அவர் படித்தார். "'சமையற்காரர் வைத்திருந்த எலும்பைக் கவ்விக்கொண்டு ஓடிய துறைமுகத்து நாய்... கப்பலுக்குச் சென்று, பன்னிரண்டில் ஒன்றும் குறையாமல் ஒப்படைத்து, கப்பல் தலைவரின் ரசீதோடு அன்றிரவே மீண்டமை கண்டு மகிழ்ந்தோம்.'"

"நல்ல நாய் சார்" என்றாள் அவள். "ரசீதெல்லாம் வாங்கியிருக்கு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தனர். இரண்டு தாள்கள் இடம் மாறியிருந்தன. பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியவன் படகுக்காரன், திரும்பாதது நாய், கொட்டகையின் பின்னால் மண்ணைத் தோண்டியதும் அந்த நாய்தான். எலும்பைப் புதைக்க வேறு இடம் அதற்குக் கிடைக்கவில்லை போலும்.

முதலில் அடங்கியது அவருடைய சிரிப்பு. இருபத்தாறு வயதில், வேண்டிய வரி கிடைத்ததும் ஏட்டை மூடிவிட்டார். இன்னும் முப்பது தாள் படிக்கச் சோம்பினார். ஊரையெல்லாம் வேரைக் காட்டச் சொல்லிக் கேட்டவர், தாம் நட்ட செடியின் வேரைத் தொட்டுப்பார்க்கவில்லை. அதன் பலனை ஒருத்தி தன் கொல்லையில் குழிகுழியாக அனுபவித்து வருகிறாள்.

நண்பகலுக்குள் மன்றத்துக்குக் கடிதம் போயிற்று: ஆதாரம் இல்லை, பிழை என்னுடையது. இரும்புக்கடைக்காரர் வந்து இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் படித்துப்பார்த்தார்.

"நாய் புதைச்ச எலும்பையா நான் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷின் வாங்கித் தேடினேன்?" என்று பெருமூச்சு விட்டார். "வீட்டுல இதைச் சொல்லிராதீங்க சார்."

பிற்பகலில் நூலகர் படகுத்துறைக்குப் போனார். படகுக்காரி கவிழ்த்துப்போட்ட படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, தமக்கு அப்போது வயது குறைவு என்றும் சொல்லவில்லை. அவள் தூரிகையை நிறுத்தாமல் கேட்டாள்.

"கொட்டகை?"

"யாரும் தொடமாட்டாங்கம்மா. மன்றத்துல சொல்லிட்டாங்க."

"அது போதும்" என்றவள், சற்று நேரம் பூசியபின் நிமிர்ந்தாள். "எங்க அம்மா இதைக் கேட்காமலே போயிட்டாங்க சார்."

"என்னை மன்னிச்சுருங்கம்மா."

"நீங்க தப்பா எழுதினது ஊருக்கே. மன்னிப்பு மட்டும் என் ஒருத்தி காதுக்கா?"

அவர் தலை குனிந்தது. "அடுத்த மாசத்துக்குள்ள திருத்தி அச்சடிச்சுத் தர்றேன்."

"அச்சடிங்க. ஆனா என் படகுல வர்றவங்க புத்தகம் படிக்கிறவங்க இல்ல. திங்கட்கிழமை காலையில முதல் நடைக்கு வாங்க."

திங்கட்கிழமை அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். படகில் இருபது பேர் இருந்தனர்: பால்காரர், மூன்று ஆசிரியைகள், ஆலைத் தொழிலாளர்கள், கூடையோடு ஒரு காய்காரி. நடு ஆற்றில் அவள் துடுப்பை நிறுத்தினாள்.

"இந்தச் சார் ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள்.

அவர் எழுந்தார், படகு ஆடியது.

"உட்கார்ந்தே சொல்லுங்க சார். கவுந்துட்டா அதுக்கும் எங்க பரம்பரையைத்தான் சொல்லுவாங்க."

உட்கார்ந்தார், சொன்னார். நாய் ரசீது வாங்கிய இடத்தில் படகே சிரித்தது. சிரிப்பு முற்றும் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்த மனுஷன் ஒரு பெட்டியும் குறையாம சேர்த்துட்டுத்தான் வந்தாரு. அவரைத் திருடன்னு எழுதினது நான். பாதி படிச்சுட்டு எழுதினேன். தப்பு என்னோடது."

பின், காய்காரி படகுக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நாங்களும் ஒரு வார்த்தை சொல்லணும்மா" என்றாள். "உன்னை அப்படிக் கூப்பிட்டதுக்கு."

படகுக்காரி மீண்டும் துடுப்பை வலித்தாள். அக்கரையில் எல்லோரும் இறங்கினர். அவரும் எழப்போனார்.

"எங்க கிளம்பிட்டீங்க? ஒரு நாளைக்குப் பதினாலு நடை இருக்கு" என்றாள் அவள்.

அவர் மீண்டும் உட்கார்ந்தார். இக்கரைக்கு வர வேண்டியவர்கள் ஏறி இடம் பிடித்தனர். படகு நடு ஆற்றுக்கு வந்ததும், யாரும் கேட்கும் முன்பே, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.