சாத்தக் கூடாத கதவு

"நாத்தம் வராதே?"

"வராது."

"வந்தா?"

"வந்தா வண்டிய உன் தம்பிக்கே குடுத்துடு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

இதைச் சொல்லும்போது கணவர் கேரவனுக்குள் ஃப்ரிட்ஜ் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி படியில் நின்றபடி கழுத்தை மட்டும் உள்ளே நீட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் தம்பி, கையில் அளவு டேப்போடு.

"டேப் எதுக்கு மாப்ள?"

"சும்மாதான் மாமா. எங்க வீட்டு ஷெட்டுல நுழையுமான்னு பாத்தேன்."

பஸ் கண்டக்டராக முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டு, ஓய்வு பெற்றதும் ஊர் சுற்ற ஆசை ஆசையாய் அவர் வாங்கிய, கட்டிலும் ஃப்ரிட்ஜும் வைத்த கேரவன் அது. ஓட்டுவது அவள், பக்கத்தில் உட்கார்ந்து விசில் அடிப்பது அவர். போன வருடம் ஆறு மாதம் அதைக் கொட்டகையில் நிறுத்தியபோது, ஃப்ரிட்ஜை அணைத்து, பளபளவென்று துடைத்து, கதவை இறுகச் சாத்திவிட்டு வந்தார். திரும்பிப் போய்த் திறந்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சை கம்பளம் விரித்திருந்தது. போர்வையில் நாற்றம், தலையணையில் நாற்றம், சர்க்கரையில்கூட நாற்றம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டி வேண்டாம்" என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள். இப்போது மகளின் பிரசவத்துக்குப் போகிறார்கள். திரும்ப எட்டு மாதம் ஆகும்.

அதனால் இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. முதல் நாளே ஃப்ரிட்ஜுக்குப் போகும் காஸை மூடினார். சுவிட்சை அணைத்தார். ஐஸ் தானாக உருகட்டும் என்று கதவைத் திறந்து வைத்து, கீழே தட்டு வைத்து, தண்ணீரைப் பிடித்தார். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்தார். கதவு ரப்பரின் மடிப்புக்குள் பழைய பல் பிரஷை விட்டுத் தேய்த்தார். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். ஒரு கிண்ணத்தில் அடுப்புக் கரி வைத்தார்.

"இனி கதவு ஒரு சாண் தொறந்தே இருக்கணும், அவ்வளவுதானே?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதான்."

எழுந்தார். திரும்பினார். டப்!

"மாமா, சாத்திட்டீங்க."

"நானா?"

"பின்ன நானா?"

திறந்தார். இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். ஜன்னல்களைப் பூட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்தவர், "துண்டை யாரு இங்க போட்டது?" என்று உருவினார். டப்!

படியில் சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது.

"சிரிக்காதீங்க. எழுதி ஒட்டிடறேன்." பெரிய எழுத்தில் 'சாத்தாதே' என்று எழுதினார். கதவில் வைத்து அழுத்தினால் கதவு ஆடியது. ஆடாமல் இருக்க, நன்றாகச் சாத்திக்கொண்டு, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினார். ஒட்டிவிட்டு, தான் எழுதியதைத் தானே படித்தார்.

"மாமா, சாவிய இப்பவே குடுத்துடுங்களேன். எட்டு மாசம் எதுக்குக் காத்திருக்கணும்?"

கணவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வேலைக்குச் சேந்த புதுசு. பஸ் கதவு தொறந்திருக்கு, நான் பாக்கல, விசில் அடிச்சுட்டேன். ஒரு பெரியவர் வெளிய சாஞ்சுட்டாரு. சட்டையப் புடிச்சு இழுத்தேன், காலர் கையோட வந்துடுச்சு, நல்லவேளை ஆளும் வந்துட்டாரு. அன்னிலேருந்து இந்தக் கை என்னைக் கேக்கறதே இல்ல. தொறந்த கதவைக் கண்டா அதுவே போயிடுது."

"இத்தனை வருஷத்துல என்கிட்ட சொன்னதே இல்லயே?"

"நல்ல பேரோட இருக்கலாம்னு பாத்தேன்."

மனைவி படியேறி உள்ளே வந்தாள். "கொட்டகைய விட்டுக் கிளம்பறதுக்குள்ள எத்தனை தடவை சாத்துவீங்க?"

அவர் கதவையே பார்த்தார். அதன் கீல்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாப்ள, அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு."

"எதுக்கு மாமா?"

"எடுய்யா. கதவை ரெண்டு கையாலயும் தாங்கிப் புடி."

மேல் கீல் கழன்றது. கீழ்க் கீல் கழன்றது. ஏதோ பழுது பார்க்கிறார் என்று நினைத்துப் பிடித்திருந்த தம்பியின் கையில் முழுக் கதவும் வந்து உட்கார்ந்தது.

"இப்ப எதைச் சாத்துவேன்?"

கதவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவள் தலையணை வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஸ்க்ரூக்கள் அவருடைய பழைய கண்டக்டர் பைக்குள் போயின. மகள் வீட்டில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தும்போதும் அந்தப் பையை ஒரு முறை குலுக்கிப் பார்த்துக்கொள்வார்.

எட்டு மாதம் கழித்துக் கொட்டகையில் மூவரும் நின்றார்கள். மனைவி உள்ளே போனாள். கதவில்லாத ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டாள். வெளியே இருவரும் மூச்சுவிடவில்லை.

"என்னங்க..."

"என்ன?"

"ஒண்ணுமே இல்லீங்க. பூஞ்சையும் இல்ல, நாத்தமும் இல்ல."

"நல்லா மோந்து பாருக்கா," என்றான் தம்பி.

"நீ வேணா உள்ள குடியிருந்து பாரு."

கணவர் கதவை மாட்டி முடித்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப சாத்துங்க. ஆசை தீரச் சாத்துங்க."

டப்! திறந்தார். டப்! மூன்றாவது தடவையும் சாத்தி, கதவைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து நீளமாக ஒரு விசில் அடித்தார். அவள் இன்ஜினைக் கிளப்பினாள். வண்டி நகர்ந்தது.

பின்னாலிருந்து தம்பி கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

"மாமா! மாமா! வண்டிக் கதவு தொறந்திருக்கு!"