முதுகுக் காந்தம்

கிழவர் என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆகவே பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் அந்தப் பெரியவர் ஒரு மாதமாக மருமகளுக்குப் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார். "மாமா, ஒன்னு சொல்லணும்" என்று அவள் வாயெடுத்தால் போதும், டீ குடிக்கப் போய்விடுவார். இல்லாவிட்டால் செப்புக் கம்பி வாங்கக் கிளம்பிவிடுவார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், நன்றாகப் பாடுகிற ரேடியோவை வாரம் தவறாமல் பழுது என்று தூக்கிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் விளங்காது!

மகன் விபத்தில் போய் நாலு வருஷம். அழுது ஓய்ந்த மருமகள் ஒருநாள் தானாகவே பட்டறைக்கு வந்து, ஈயம் பற்றவைக்க உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவருக்குப் பகலில் கூட்டாளி, ராத்திரியில் பேச்சுத்துணை எல்லாம் அவள்தான். அவளும் போய்விட்டால் சுவரோடுதான் பேசவேண்டும்.

அன்று காலை வசமாக மாட்டிக்கொண்டார். ஸ்பீக்கரின் முதுகில் ஒரு வட்டக் காந்தம் இருக்கும். பக்கத்திலிருக்கும் பழைய டிவியின் படத்தை அது கெடுக்காமலிருக்க, அதன்மேல் இன்னொரு காந்தத்தை ஒட்டவேண்டும். அதுவும் வடமுனைக்கு எதிரே வடமுனையாக. எதிர்முனைகளைக் காட்டினால் டப்பென்று கவ்விக்கொள்ளும், ஆனால் வேலைக்கு ஆகாது. ஒரே முனைகளுக்கோ ஒன்றையொன்று கண்டாலே ஆகாது. எகிறும், பக்கவாட்டில் வழுக்கி ஓடும். பசை காய்கிற கால் மணி நேரமும் அழுத்திவைக்க ஒரு கிளாம்ப் உண்டு. பசை தடவி முடித்த நேரம் பார்த்து அதன் திருகு மரை தேய்ந்து கழன்றது. வேறு வழியில்லாமல் மேசைக்கு அந்தப்பக்கம் அவளும் இந்தப்பக்கம் அவருமாக, நாலு கையால் அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப டீ குடிக்கப் போங்க பாப்போம்" என்றாள் மருமகள்.

"அடிப்பாவி!"

"வாத்தியார் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறார் மாமா. அவருக்கு வெளியூருக்கு மாத்தல் ஆயிடுச்சு."

பெரியவர் வழுக்கப் பார்த்த காந்தத்தை இழுத்து நேராக்கினார்.

"நீங்க வேணாம்னா நான் போகல. சத்தியமா. உங்களத் தனியா விட்டுட்டு எனக்கு எதுவும் வேணாம்."

வேணாம். ஒரே ஒரு சொல். அது அவர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இருந்துவிடுவாள், முகம்கூடச் சுளிக்கமாட்டாள். அது தெரிந்ததாலேயே அவருக்குத் தன்மேல் சீ என்று ஆகிவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே காந்தம் திமிறிக்கொண்டிருந்தது.

"உனக்கு அவரப் புடிச்சிருக்கா?"

"ம்."

"வாயத் தொறந்து சொல்லு."

"புடிச்சிருக்கு மாமா."

"அப்பப் போ. எனக்குச் சந்தோஷந்தான்." அவள் கண் நிறைந்தது. "அழாத. பசையில தண்ணி பட்டா ஒட்டாது."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"உன் சமையலத் தின்னுட்டே உசுரோட இருக்கேன். இதுக்கு மேல எனக்கு என்ன வந்துடப்போவுது?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லாததால் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

கால் மணி ஆயிற்று. உள்ளங்கையை முட்டிக்கொண்டிருந்த திமிறல் நின்றுபோனது. பசை பிடித்துவிட்டது, இனிக் கையை எடுக்கலாம். மூணு வருஷமாக இதே வேலை பார்ப்பவள், அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் காயலம்மா" என்றார் பெரியவர். "கொஞ்ச நேரம் புடி."

"சரி மாமா" என்று அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.