அப்பா கேட்ட ஒரே கதை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு நல்ல காரணம் இருப்பதாகக் காட்ட நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று இப்படி: "பொய்ச் செய்திகள் எளிய குடும்பங்களை எவ்வாறு சிதைக்கின்றன என்பதற்கு..." பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது போல இருந்தது. இன்னொன்று: "ஹுன்னஸ்கிரிய மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த..." பனி இறங்கவில்லை. நல்ல வெயில்.

என் தம்பி யோகராஜ் மேல் எனக்குப் பொறாமை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

நான் யசோதா. கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். சிறுகதைகள் எழுதுகிறவள். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. முந்நூறு பிரதிகளில் பாதிக்கு மேல் இன்னும் என் அலுமாரியில்தான். அப்பா செல்லச்சாமி, கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் நாற்பது வருடம் துணி கிழித்துக் கொடுத்தவர், அதில் ஒரு பக்கமும் படித்ததில்லை. "கண்ணு தெரியல" என்பார். வாசித்துக் காட்டினால் மூன்றாவது வரியில் தூங்கிவிடுவார்.

யோகராஜ் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் கடையை மூடினான். பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினான். குழுவின் பெயர் 'விழித்தோர்'. முதல் பதிவு எனக்கு இன்னும் மனப்பாடம்.

"இது தட்டுப்பாடு இல்லீங்க. நம்மள வரிசையில நிக்கப் பழக்குறாங்க."

(இந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டும்.)

அதன்பின் தடுப்பூசி, போன் டவர், புதிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் 'அவங்க'. அவங்க யார் என்று அவன் சொன்னதே இல்லை.* அறுநூறு பேர் கேட்டார்கள். அதில் நானும் ஒருத்தி, அப்பாவும் ஒருவர். அப்பா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கண் இமைக்காமல், ஒரே பதிவை இரண்டு தரம் கேட்பார்.

* பெயரில்லாத ஆளுக்குத்தான் கேட்பவர்கள் தங்கள் பயத்தையெல்லாம் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கும் தெரிந்த உத்திதான். எனக்குப் பலித்ததில்லை.

3

யோகராஜை வில்லனாக்க முயன்ற இரண்டு பக்கங்கள் இங்கே இருந்தன. அவன் யாரையும் ஏமாற்றவில்லை. சொன்னதையெல்லாம் நம்பினான்.

ஹுன்னஸ்கிரியவில் அவன் மனைவி மதுஷாவின் அம்மா வழியில் கொஞ்சம் காணி இருந்தது. கரண்ட் கிடையாது, ஊற்றுத் தண்ணீர். போனுக்கு மட்டும் சந்திக் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொள்வான். அங்கே போய்விட்டார்கள். ஒன்பது வயது மகள் நிலூஷாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னோடு இருந்த அப்பாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"நீங்க ஏம்ப்பா போறீங்க?"

"அவன் சொல்றதுல விஷயம் இருக்கு புள்ள."

சீனி வியாதிக்குப் போடும் இன்சுலினை என் பிரிட்ஜிலேயே விட்டுப் போனார். பாவக்காய்ச் சாறு போதும் என்று யோகராஜ் சொல்லியிருந்தான். நான் தடுத்திருக்க வேண்டும். "அவன் சொல்றதுல விஷயம் இருக்கு" என்ற சொல் என்னைக் குத்திக்கொண்டிருந்ததில் வாய் வரவில்லை.

4

ஒன்றரை மாதம் கழித்து மதுஷா சந்திக் கடையிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணி, மாமா கால்ல புண்ணு. ஆறவே மாட்டேங்குது. நான் சொன்னேன்னு இவருகிட்ட சொல்லிறாதீங்க."

மகியங்கனை பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலைக்குள் ஏறிப் போனேன். போகும்போதே மனதில் எழுதிக்கொண்டு போனேன்: இருட்டு வீடு, இளைத்த குழந்தை, அழுகிற மதுஷா. அங்கே நாலு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து பலாச்சுளை எடுத்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கை யோகராஜின் தோளில் கிடந்தது.

முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தேன். புண்ணைப் பிறகுதான் பார்த்தேன். எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம், மாற்றவில்லை.

பெருவிரல் கறுத்திருந்தது. டொக்டர், சீனி, கால் போய்விடும், எல்லாம் சொன்னேன். அப்பா சிரித்தார். "அதெல்லாம் அவங்க சொல்லிக் குடுக்கிறது."

யோகராஜ் தண்ணீர் எடுக்கப் போனான். நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினேன்.

"அப்பா, ஆபீஸ்ல ஒரு கடிதம் வந்துச்சு. நான் பாக்கக் கூடாதது. பாத்துட்டேன்."

"என்ன கடிதம்?"

"இன்சுலின் கெடுதின்னு கதை பரப்புறதே அவங்கதான். வயசானவங்க தானா ஊசிய நிப்பாட்டணும். அதுதான் திட்டம்."

கடிதமும் இல்லை, திட்டமும் இல்லை. அப்பா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்புறம்?"

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவை அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். மேலும் சொன்னேன், தேவைக்கு அதிகமாகவே. அன்றைக்கே என்னோடு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம். ஒரு விரல் போனது, கால் தப்பியது.

நிலூஷாவையும் கூட்டி வர வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அப்பா.

5

இங்கே நிறுத்தினால் அழகான கதை. நிறுத்தியும் பார்த்தேன்.

ஆனால் அப்பா என் பொய்யைத் தன் குரலில் குழுவுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் ஆறு மணிக்கு யோகராஜ் அதைத் திருத்திச் சொன்னான்: "அசல் இன்சுலின ஒளிச்சிட்டாங்க. கிளினிக்ல குடுக்கிறது வேற சாமான்." என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

மூன்று நாள் கழித்துப் புசல்லாவையிலிருந்து ராக்கம்மா என்ற பெண்ணின் குரல்: "எங்க வீட்டுக்காரரு ஊசியத் தொடவே மாட்டேங்குறாரு. தலையத் தூக்க முடியாமக் கெடக்குறாரு. என்னங்க செய்ய?"

போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டாள்:

"ஒங்கள யாரு பேசச் சொன்னது? அவங்களா?"

"நான் செல்லச்சாமியோட மகள்மா."

"அப்ப அந்த ஐயாவச் சொல்லச் சொல்லுங்க."

6

மூன்று முடிவுகள் கையில் இருந்தன. சும்மா இருப்பது ஒன்று. ராக்கம்மாவின் கணவருக்கென்று இன்னொரு பொய் கட்டுவது ஒன்று. வெட்கத்தோடு சொல்கிறேன், அது முழுதாகவே தயாராகிவிட்டிருந்தது, யோகராஜின் எதையும்விட நன்றாக. மூன்றாவது, அப்பாவிடம் சொல்வது. சொன்னால் அவர் ஊசியை நிறுத்தலாம்.

வைத்த போனை மேசையில் விட்டுவிட்டு அப்பாவிடம் போனேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் ஊசியைப் போட்டேன். பஞ்சை எடுத்த பிறகு சொன்னேன்.

"அப்பா, கடிதம் எதுவும் வரல. அந்தக் கதைய நான்தான் கட்டினேன்."

நடந்தவற்றில் நீங்கள் அறிய வேண்டியது: அன்று பின்னேரம் குழுவில் ராக்கம்மாவின் குரல் வந்தது, "ஐயா பேசினாங்க, இவரு போட்டுக்கிட்டாரு." அரை மணி நேரத்தில் யோகராஜ் அப்பாவையும் என்னையும் குழுவிலிருந்து நீக்கினான். நிலூஷா இன்னும் மலையில்தான் இருக்கிறாள். மதுஷாவின் போன் வேலை செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை போகப்போகிறேன். என்ன சொல்லி அழைப்பேன் என்று தெரியவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு அப்பா என்ன சொன்னார் என்பதை எழுதமாட்டேன். கோபமா, அழுகையா, நாளைக்கும் சட்டையைத் தூக்குவாரா, எதையும். கால் மணி நேரம் பேசினார், என் முகத்தைப் பார்த்து, எனக்கென்று மட்டும். அறுநூறு பேர் கேட்டதெல்லாம் போதும். இதை உங்களுக்குத் தரவும் எனக்கு மனமில்லை. உங்கள் அப்பா என்ன சொல்லியிருப்பாரோ, அதை வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.