எனக்கு வாய்த்த எதிரி

என்னோடு ஒரு தடவை விளையாடியவர்கள் மறு தடவை வர மாட்டார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. பாதிக்கு மேல் நான்தான் தோற்பேன். என் வாய்தான் காரணம் என்பார் என் வீட்டுக்காரர். நான் அளக்கிற டேப்தான் காரணம் என்பேன் நான்.

விளையாட்டு இதுதான். ஒரு பெரிய மேசை. அதன்மேல் தெர்மோகோலில் செதுக்கிய குன்று, அட்டையில் ஒட்டிய வீடுகள், பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளில் புல்வெளி. இரண்டு பக்கமும் கட்டைவிரல் உயரத்துக்குப் போர்வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள். மாற்றி மாற்றிப் படையை நகர்த்த வேண்டும். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு டேப் உண்டு. சுட வேண்டுமானால், சுடுகிறவன் கண்ணுக்கு எதிரி தெரிய வேண்டும். அதற்கு நாம் குனிந்து, கன்னத்தை மேசையில் வைத்து, பொம்மையின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். தெரிந்தால் பகடையை உருட்டலாம். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு வராது.

நான் சர்வேயர். ஊரார் நிலத்தை அளந்து, வேலியை இந்தப் பக்கம் போடு, அந்தப் பக்கம் போடு என்று சொல்வதுதான் பிழைப்பு. ஒரு விரற்கடை நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்வதைத் தினமும் பார்க்கிறவள். அப்படிப்பட்டவளிடம் வந்து, "சும்மா குத்துமதிப்பா நகர்த்துங்க" என்றால் எப்படி இருக்கும்? நூலகத்தின் பின் அறையில் கூடும் விளையாட்டுக் குழுவில் ஒரு பல் டாக்டர் அப்படித்தான் சொன்னார். மறுவாரம் அலுவலகத்து லேசர் கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவருடைய பீரங்கியால் என் குதிரையைப் பார்த்திருக்கவே முடியாது என்று சிவப்புப் புள்ளி அடித்து நிரூபித்தேன். அவர் தன் வீரர்களை ஒவ்வொருவராகப் பெட்டியில் அடுக்கினார். அதற்குப் பிறகு நான் எப்போது கேட்டாலும் அந்தக் குழுவில் மேசை காலியில்லை.

வேறு வழியில்லாமல் இரண்டு பக்கமும் நானே விளையாடினேன். பாவம் பார்த்து வீட்டுக்காரர் ஒருநாள் எதிரில் உட்கார்ந்தார். என் குதிரைப்படை பாய்ந்து வருகிற நேரத்தில் குறட்டை விட்டார். தனக்குத் தானே எதிரியாக இருப்பதில் ஒரு சுகமும் இல்லை. என்ன தந்திரம் செய்தாலும் எதிராளிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

போதாக்குறைக்கு, வேலையிடத்தில் கருவியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். தொடைவரை மாவுக்கட்டு. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலை முறைப்பதே வேலையாகிவிட்டது.

அப்போதுதான் பெயிண்ட் கடைக்காரர் போன் செய்தார். பொம்மைகளுக்குக் கண் எழுதும் மெல்லிய பிரஷ்ஷை அவரிடம்தான் வாங்குவேன்.

"மேடம், நீங்க வாங்குற அதே பிரஷ்ஷ இன்னொருத்தரும் வாங்குறாரு. பேக்கரி வச்சிருக்காரு. விளையாட ஆள் கிடைக்கலன்னு ஒரே புலம்பல். அனுப்பி வைக்கட்டுமா?" கல்யாணத் தரகர் தோற்றார்.

"ஆளு எப்படி? நல்ல மாதிரியா?"

"அவரு நல்ல மாதிரிதான். நீங்கதான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அன்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "இவரும் ஓடிட்டார்னா அவ்வளவுதாங்க. எல்லாப் பொம்மையையும் வித்துடுறேன்."

"சும்மா மிரட்டாத."

"மிரட்டல. எதிர்ல ஆளே இல்லாம எதுக்குப் படை?"

எதற்கெடுத்தாலும் கேலி செய்கிற மனிதர், அன்று சிரிக்கவில்லை.

பேக்கரிக்காரர் மதியத்தில் வந்தார். வாசற்படியை அடைக்கிற உருவம். முழங்கையில் காய்ந்த மாவு. பெட்டியைத் திறந்து நீலச் சட்டைப் படையை வெளியே எடுத்தார். ஒவ்வொரு வீரனுக்கும் பொத்தான் தனித்தனியாகத் தெரிந்தது. ஒருவன் மட்டும் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் மட்டும் ஏன் இப்படி?"

"விடியறதுக்கு முன்னாடி எழுப்பி மாவு பிசையச் சொன்னா வேற எப்படி இருப்பான்? அது நான்தாங்க" என்றார்.

என்னால் எழுந்திருக்க முடியாது. ஆகவே என் படையையும் அவர்தான் நகர்த்த வேண்டும். எனக்காகக் குனிந்து பார்ப்பதும் அவர்தான். எதிரியின் கையில் என் பட்டாளம்! கண் கொட்டாமல் கவனித்தேன். கொஞ்ச நேரத்திலேயே பிடித்துவிட்டேன். டேப் காட்டிய இடத்தைத் தாண்டி என் வீரனை வைக்கிறார். அவருடைய வீரனை அதற்கு இப்பாலேயே நிறுத்திவிடுகிறார்.

"என்ன, பிச்சை போடுறீங்களா?"

அவர் பதறிப்போனார். "ஐயோ, இல்லைங்க. இது கடைக் கை. அடுத்தவங்களுக்கு நிறுக்கும்போது கொஞ்சம் கூடத்தான் விழும். குறைஞ்சுடுச்சோன்னு இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

"இது பன் இல்லைங்க, பட்டாளம்."

"சரிங்க, திருத்திக்கிறேன்."

எங்கே திருத்திக்கொண்டார்? அடுத்த தடவையும் அதே கதை. குறைத்து வைக்கிறவர்களோடு சண்டை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். கூட்டி வைக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் அந்த மேசையின் முன் உட்கார்ந்து எவ்வளவு காலமாகிவிட்டது! குன்றின் மறைவிலேயே குதிரைகளைக் கொண்டுவந்து என் இடதுபக்கத்தைச் சின்னாபின்னமாக்கினார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ஆட்டம் சூடு பிடித்தது. என் தளபதி அட்டை வீட்டின் ஓரமாக நின்றான். அவன் விழுந்தால் என் படையின் முதுகெலும்பே போய்விடும். அவருடைய பீரங்கி எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அவர் குனிந்தார். கன்னம் மேசையில் பட்டதோ இல்லையோ, நிமிர்ந்துவிட்டார்.

"தெரியலைங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே மனசுக்குள் கோடு இழுத்துப் பார்த்தேன். வருஷக்கணக்கில் அதே வேலை செய்த கண். தளபதி தெரிவான். வாயைத் திறக்காவிட்டால் ஆட்டம் என் பக்கம். திறந்தால் சண்டை. சண்டை வந்தால் அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"தெரியும்" என்றேன்.

"இல்லைங்க, இப்பத்தான பார்த்தேன்."

"நீங்க சரியாவே பார்க்கல. வேணும்னே விட்டுக்குடுக்குறீங்க. எனக்கு அது பிடிக்காது."

அவர் முகம் சிவந்தது. "கூடக் குறைய நகர்த்தினேன், ஒத்துக்குறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன். தெரியலைன்னா தெரியலைதான்!"

"நானே பார்க்கிறேன்" என்று நாற்காலியிலிருந்து சரிந்தேன். மேசை குட்டையானதுதான், ஆனாலும் என் கட்டுக்கால் மடங்காது. தரையில் ஒருக்களித்து, மேசை விளிம்பைப் பிடித்துத் தொங்காத குறையாகக் கன்னத்தை மேலே வைத்தேன். "மேடம், காலு, காலு!" என்று கத்திக்கொண்டே அவரும் பக்கத்தில் மண்டியிட்டார்.

"பாருங்க, தோள் தெரியுது!"

"அது தோளா? அது அவன் போர்வை. போர்வையெல்லாம் கணக்கில்ல!"

"போர்வைக்குள்ள தோள் இல்லாம காத்தா இருக்கு?"

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இன்னொருவரும் போச்சு என்று நினைத்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"இவர் என்னைச் சுட மாட்டேங்குறாருங்க!"

அவர் என்னையும் பார்த்தார், பேக்கரிக்காரரையும் பார்த்தார், கதவில் சாய்ந்துகொண்டார். பேக்கரிக்காரர் சட்டென்று எழுந்தார். அவ்வளவுதான், பெட்டியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"சார், டார்ச் இருக்கா?" என்று கேட்டார்.

டார்ச் வந்தது. பீரங்கியின் வாயருகே பிடித்து அழுத்தினார். வெளிச்சம் வீட்டு மூலையை உரசிக்கொண்டு போய் என் தளபதியின் தோளிலும் பாதி மார்பிலும் விழுந்தது. அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"முன்னாடி நான் பீரங்கிக் குழாய்க்கு இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"வேணும்னே செஞ்சீங்கன்னு நான் சொன்னதும் தப்பு" என்றேன். நான் அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை என்பதால் வீட்டுக்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

பேக்கரிக்காரர் பகடையை உருட்டினார். தளபதி காலி. தரையில் கிடந்தபடியே கைதட்டினேன். ஒரு மனிதர் என்னோடு தொண்டை கிழியச் சண்டை போட்டுவிட்டு, இன்னும் என் பக்கத்திலேயே இருக்கிறார். அந்தச் சந்தோஷத்துக்கு இன்னும் பத்துத் தளபதிகளைக் கொடுக்கலாம் என்றிருந்தது.

இரண்டு பேருமாக என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேக்கரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளினார். சாயங்கால ரொட்டிக்கு அடுப்பு மூட்ட வேண்டுமாம். செருப்பை மாட்டும்போதும் வாய் ஓயவில்லை. "தளபதி போயிட்டா போர் முடிஞ்சிடுமா? உங்க வலதுபக்கம் இன்னும் பலமாத்தான் இருக்கு. யோசிச்சு வைங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்காரர் மேசையைப் பார்த்தார். மாதக்கணக்கில் ஒவ்வொரு பொத்தானாகத் தீட்டிய நீலப் படை அப்படியே நின்றது. காலிப் பெட்டி நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

"அடடா, மனுஷன் எல்லாத்தையும் மறந்துட்டுப் போறாரே! ஓடிப் போய்க் குடுத்துட்டு வரவா?"

"மறக்கலைங்க" என்றேன். "விட்டுட்டுப் போயிருக்கார்."