நான்காவது கட்டத்தில் பூச்சியம்

நியூட்ரல் கம்பியில் கவ்வியைப் போட்டதும் மின்னோட்டம் அளக்கும் கருவியில் அறுபத்தெட்டு என்று விழுந்தது. இஸ்ஹாக் கவ்வியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டான். அறுபத்தெட்டேதான். மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று கம்பிகளிலும் தலா நாற்பத்திரண்டு அம்பியர்; அது திரும்பிப் போகும் இந்த நான்காவது கம்பியில் அறுபத்தெட்டு. ஐம்பது தாங்கும் கம்பி அது. மேலுறை பழுப்பேறி, தொட்டிகளின் உப்பு வாடையையும் மீறிக் கருகல் மணத்தது.

கரைத்தீவுப் பக்கம் களப்பு என்னும் உப்பேரியின் ஓரத்தில் இருக்கும் அந்த இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில், பில் குறையட்டும் என்று எல்லாவற்றையும் எல்ஈடி விளக்காகவும் இன்வேட்டர் வைத்த சின்னக் காற்று மோட்டராகவும் மாற்றியிருந்தார்கள். இந்தச் சாமான்கள் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை, கடித்துக் கடித்துத் தின்னும். அதில் கிளம்பும் குட்டி அலைகளில் ஒரு சாதி, மூன்று கம்பிகளிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஹார்மோனிக்ஸ் என்பார்கள். இஸ்ஹாக்குக்குத் தெரியாத விஷயமல்ல. கொழும்பில் மூன்று நாள் வகுப்பிருந்து வாங்கிய சான்றிதழ் மதுரங்குளி வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

போன வருடமும் இதே இடத்தில் நியூட்ரல் எரிந்தது. காற்று நின்று, விடிவதற்குள் அத்தனை குஞ்சும் செத்து மிதந்தன. வேறொரு கம்பியைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிட்டபோது சோதிக்க வந்த மின் பரிசோதகன் இஸ்ஹாக்தான். படிவத்தில் கம்பிக்கு ஒன்றாக நான்கு கட்டங்கள். மூன்றும் சமமாக இருந்தால் நான்காவதில் ஒன்றும் ஓடாது என்பது தொழிலில் ஊறிய பழக்கம். கவ்வியைப் போடாமலே பூச்சியம் எழுதிவிடுவார்கள். அவனும் எழுதினான். ஒன்றும் ஓடாத கம்பி எரிந்தால் பிழை கம்பியில்தானே? 'தரம் குறைந்த கம்பி' என்று கையெழுத்துப் போட்டான்.

வயரிங் செய்தவர் லாபிர். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து பதினைந்து வயதில் அகதியாக வந்தவர். "தம்பி, அந்தக் கம்பியையும் ஒருக்காப் புடிச்சுப் பாருங்களன்" என்று அன்றைக்குக் கேட்டார். இஸ்ஹாக் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது உடம்பு கூசியது. அதற்குப் பிறகு லாபிரை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மலிவுக் கம்பியைப் போட்டு மிச்சக் காசை அமுக்கியவர் என்று பள்ளிவாசல் வாசலிலேயே கதைத்தார்கள். இப்போது உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிறார்.

பொரிப்பக மேலாளர் கில்பட் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது நானே கொழும்பில பாத்து வாங்கின கம்பி. இதுவும் கள்ளக் கம்பியா இஸ்ஹாக்?"

"இல்ல. போன முறையும் இல்ல."

கில்பட் குனிந்து பழுப்பேறிய மேலுறையைப் பார்த்தார்.

"அப்ப இதவிடத் தடிச்ச கம்பி போடுவம். அத மட்டும் எழுதுங்க. பழசக் கிண்டினா உங்கட வேலைக்குத்தான் ஆபத்து."

மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இஸ்ஹாக்கும் அப்படியே எழுதிவிடலாமா என்று யோசித்தான். யோசிக்கவில்லை என்றால் பொய். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பேனையை நான்காவது கட்டத்தில் வைத்தான். அறுபத்தெட்டை எழுதி அதன் கீழே எழுதினான்: 'சென்ற ஆண்டு நியூட்ரலை நான் அளக்கவில்லை.'

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு லாபிரின் வீட்டுக்குப் போனான். அவர் முற்றத்தில் உப்பில் வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஸலாமுக்குப் பதில் சொன்னார். உட்காரக் கதிரை எடுத்துப் போடவில்லை. இஸ்ஹாக் நின்றபடியே, அண்ணன் முறைக்கு 'நானா' என்று அழைத்து, சொல்லி முடித்தான்.

"எத்தின அம்பியர்?"

"அறுபத்தெட்டு, நானா. கம்பியில பிழையில்ல. பிழை என்னில. மாப்புக் கேட்டு வந்தன்."

லாபிர் கோபப்படவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இஸ்ஹாக்குக்கு இருந்தது. அவர் எண்ணெய்க் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"சபூரா, இஞ்ச ஒருக்கா வாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவவுக்கும் சொல்லுங்க தம்பி. மலிவுக் கம்பியாண்டு என்னட்ட ஒருநாளும் கேட்டதில்ல. ஆனா என்னய அவ நம்பயில்ல."

லாபிரின் மனைவி மாவு ஒட்டிய கைகளோடு வாசலுக்கு வந்து, தலைத்துணியை முழங்கையால் சரிசெய்து கொண்டு, இஸ்ஹாக்கின் முகத்தைப் பார்த்தாள்.