கத்தரித்த குரல்

கோவளத்திலிருந்து தாம்பரம் திரும்பும் வழி முழுக்க சுபத்ராவின் காதில் அந்தப் பெண்ணின் அழுகைதான் ஒலித்துக்கொண்டிருந்தது. கேளம்பாக்கம் சிக்னலில் அலுவலக ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செய்திக்குப் போன இடத்தில் அழக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருந்தாள். போன இடத்தில் அழவில்லையே, வழியில்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அழுதவள் பெயர் மஹாலட்சுமி. கோவளத்தில் மீன் விற்பவள். அவள் கணவன் பூவராகனும் தம்பி வினோத்குமாரும் ஃபைபர் படகில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. குப்பத்துப் படகுகள் தேடிப் பார்த்துவிட்டு, காற்று பலத்ததும் கரைக்கு வந்துவிட்டன. இனி ஆழத்துக்குப் போய்த் தேட அரசாங்கத்தின் பெரிய படகால்தான் முடியும்.

சுபத்ரா வேலை பார்த்தது தாம்பரம் மேற்கில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த இணைய வானொலியில். ரயிலில் போகிறவர்கள் கைப்பேசியில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்த ஏரி நிரம்பிவிட்டது என்று மணிக்கொரு முறை புறநகர்ச் செய்தி. சேகரிப்பது, எழுதுவது, வாசிப்பது எல்லாம் அவள்தான். ஒலிப்பதிவு மட்டும் ஹரிபிரசாத். நடத்துபவர் தட்சிணாமூர்த்தி. அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் இப்போது மனைகளாகவும் கடைகளாகவும் ஆகிவிட்டது. அந்த வருமானத்தில், “நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு ரேடியோ இருக்கட்டுமே” என்று ஆரம்பித்தவர்.

ஒலிப்பதிவு அறையில் மஹாலட்சுமியின் பேச்சைப் போட்டுக் கேட்டார்கள். முதலில் நிதானமாகத்தான் பேசியிருந்தாள். எப்போது போனார்கள், படகு என்ன நிறம், கடைசியாகப் போனில் என்ன சொன்னார்கள் என்று. அப்புறம் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலேயே சுபத்ரா கையை நீட்டி நிறுத்தினாள்.

“இதோட போதும், ஹரி. மிச்சத்தை வெட்டிடு.”

கதவருகே நின்றிருந்த தட்சிணாமூர்த்தி, “ஏம்மா, அந்த அழுகைதானே மனசைத் தொடும்? அதைப் போய் எடுக்கச் சொல்றியே” என்றார்.

“அது அவங்க அழுகை சார். நம்ம சரக்கு இல்ல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தேடுதலைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு சுபத்ரா போன் செய்தாள். ‘தேடுதல் பணி தொடர்கிறது’ என்றார் அதிகாரி. அதையும் சேர்த்து எழுதி வாசித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு, ஊரப்பாக்கத்துக்கு, ரயிலேறியபோது, ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிய நிம்மதி அவளுக்குள் இருந்தது.

மறுநாள் காலை அலுவலகப் படியேறியபோது, மேல்படியில் மஹாலட்சுமி உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்க வேண்டும். தலை வாரவில்லை.

“இன்னாம்மா, நான் அழுதது எங்க போச்சு?” என்றாள் எழுந்திருக்காமலே.

சுபத்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. “அதை எடுத்துட்டோம்க்கா. நாலு பேர் கேக்கறப்ப உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்...”

“எனுக்கு இன்னா சங்கடம்? கடல்ல கீறது என் வூட்டுக்காரரும் என் தம்பியும். பக்கத்து வூட்டு ஆயா போன்ல போட்டுக் காட்டுச்சு. ஏதோ பஸ் லேட்டுன்னு சொல்றாப்புல பேசிக்கினு கீறேன். அத்த கேட்டு எவன் எழுந்து போவான்?” மூச்சு வாங்கியது அவளுக்கு. “அதுக்கு மேல நீ வேற, தேடறாங்க தேடறாங்கன்னு சொல்ற. யாரு தேடறாங்க? நான்தான் சொன்னேனே உங்கிட்ட!”

“என்ன சொன்னீங்க?”

மஹாலட்சுமி அவளை வெறித்துப் பார்த்தாள். சுபத்ரா அவசரமாகக் கதவைத் திறந்தாள். அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, ஹரியிடம் வெட்டாத பதிவைப் போடச் சொன்னாள்.

அழுகை. மூக்கை உறிஞ்சும் சத்தம். ‘அழாதீங்கக்கா, அழாதீங்க’ என்று சுபத்ராவின் சொந்தக் குரல். அதற்கடியில், விம்மலுக்கும் விம்மலுக்கும் நடுவே, நைந்துபோன வார்த்தைகள்: “...அந்தப் பெரிய போட்டு நேத்தே வந்துடுச்சும்மா... கட்டிப் போட்டுகீறாங்க... எவனும் போவல...”

சுபத்ரா அப்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லும் மும்முரத்தில் சொன்னதைக் கேட்கவில்லை. திரும்பி வந்தும், கேட்கத் தாங்காமல், கேட்காமலே வெட்டச் சொல்லிவிட்டாள். செய்தியே அந்த அழுகைக்குள்தான் இருந்தது.

அதே அதிகாரிக்குப் போன் போட்டாள். தேடுதல் தொடர்கிறது என்றுதான் அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.

“படகு இப்ப எங்க சார் இருக்கு?”

“காத்து கொஞ்சம் அடங்கட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கோம்.”

“அப்ப தொடர்கிறதுன்னு சொன்னீங்களே?”

“அது வழக்கமா சொல்றதும்மா.”

சுபத்ரா போனை வைத்தாள். “சார், அடுத்த செய்தியில இவங்க நேரலையில பேசட்டும்” என்றாள் தட்சிணாமூர்த்தியிடம்.

“நேரலையா? யாரையாவது திட்டிட்டாங்கன்னா?”

“திட்டுவாங்க சார்.”

அவர் மஹாலட்சுமியைப் பார்த்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்து அறையிலிருந்து அவரே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மைக்குக்கு முன்னால் போட்டார். “சரி, திட்டட்டும்.”

செய்தி நேரம் வந்தது. “நேற்று நாங்கள் சொன்னது தவறு” என்று சுபத்ரா தொடங்கினாள். “தேடும் படகு கரையில் நிற்கிறது. சரியாக விசாரிக்காமல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.” அப்புறம் மைக்கை மஹாலட்சுமி பக்கம் திருப்பினாள்.

அவள் யாரையும் திட்டவில்லை. “எவனும் செத்துட்டாங்கன்னு எங்கிட்ட சொல்லல. உசுரோட கீறாங்கன்னும் சொல்லல. போய்ப் பாத்துட்டு வந்து ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க சாமி. கரையிலயே குந்திகினு ஒண்ணுமே சொல்லாம இருந்தா நான் இன்னா பண்ணுவேன்?” என்றாள். அதற்குமேல் முடியாமல் அழுதாள். ஹரிபிரசாத்தின் கை பழக்கதோஷத்தில் ஒலியைக் குறைக்கப் போனது. சுபத்ரா வேண்டாமென்று தலையசைத்தாள். இந்த முறை அவள் ஆறுதல் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

யாரோ அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது குழு குழுவாகச் சுற்றியது. அலுவலகத்துக்கு ஓயாமல் போன். “போட்டு கெளம்பிடுச்சா?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். மற்றச் செய்திக்காரர்களும் கோவளத்தில் போய் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள், காற்று கொஞ்சமும் அடங்காமலே, பெரிய படகு கிளம்பியது.

மறுநாள் கண்டுபிடித்தார்கள். இன்ஜின் பழுதாகி, போன் நனைந்து, அலைபோன போக்கில் வெகுதூரம் போயிருந்தது ஃபைபர் படகு. தார்ப்பாய்க்கு அடியில் இருவரும் சுருண்டு கிடந்தார்கள். வினோத்குமார் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்துவந்தான். பூவராகனைத் தூக்கித்தான் வந்தார்கள். முகமெல்லாம் வெயிலில் தோலுரிந்து, உதடு வெடித்து, ஆனால் உயிரோடு.

ஆஸ்பத்திரிக்கு சுபத்ரா போனபோது வார்டு வாசலில் மஹாலட்சுமி நின்றிருந்தாள். சுபத்ராவின் கையில் ரெக்கார்டரைப் பார்த்ததும், “இப்ப வேணாம்மா” என்றாள். “உள்ள வெச்சுடு. இப்ப நான் சும்மா அழணும்.”

சுபத்ரா அதைப் பைக்குள் போட்டுவிட்டு அவளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயங்காலச் செய்திக்குத் திரும்ப முடியாது என்று தட்சிணாமூர்த்திக்குத் தகவல் அனுப்பினாள். ‘நான் பாத்துக்கறேன்’ என்று பதில் வந்தது.

செய்தி நேரத்தில் கைப்பேசியில் வானொலியைப் போட்டாள். தட்சிணாமூர்த்தியே வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் இருமினார். ஒரு வரியைத் தவறவிட்டு, “இருங்க, இருங்க” என்று காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, கோவளம் மீனவர்கள் இருவரும் பிழைத்துவிட்டார்கள் என்பதை ஒரு தடவை வாசித்தார். போதவில்லையோ என்னவோ, இன்னொரு தடவையும் வாசித்தார்.